துப்பாக்கி இருக்கிறது, கை பழகியிருக்கிறதா?



வரி, உரிமக் கட்டணம், தராசு முத்திரை, கடை வாடகை என்று நம் தொழில் சங்கதிகளையே இந்தப் பக்கத்தில் வழக்கமாகப் பேசி வருகிறோம். இம்முறை நம்மில் ஒரு சிலரிடம் மட்டுமே இருக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேச விரும்புகிறோம். சிலரிடம் மட்டுமே இருந்தாலும், அது பழுதாக நடந்துகொண்டால் கடைவீதி முழுவதற்கும் கேடு. அந்தப் பொருள் துப்பாக்கி.

தம்மம்பட்டிக்கு ஒருபுறம் கொல்லிமலை, மறுபுறம் பச்சைமலை. ஆத்தூர், துறையூர், இராசிபுரம் என்று எந்தப் பக்கம் கொள்முதலுக்குப் போனாலும், வசூலுக்குப் போனாலும் ஆள் நடமாட்டம் குறைந்த சாலைகளைக் கடந்துதான் வரவேண்டும். நகைக்கடை, அடகுக்கடை, தானிய மண்டி, மரவள்ளி வியாபாரம் என்று ரொக்கமும் பொன்னும் புழங்கும் தொழில்களில் இருப்போரில் சிலர் முறைப்படி உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். வேறு சிலர் துப்பாக்கியோடு காவலாளியை அமர்த்தியிருக்கிறார்கள். அது அவரவர் தேவை. அதில் நாம் குறை காணவில்லை. நாம் கேட்பது ஒரே கேள்விதான்: அந்தத் துப்பாக்கியைப் பிடிக்கும் கை பழகிய கையா?

இந்தக் கேள்வி நமக்குச் சும்மா தோன்றியதல்ல. சில மாதங்களுக்கு முன் சக வணிகர் ஒருவரின் கடைக்குச் சென்றிருந்தோம். வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மரியாதையாக எழுந்து வணக்கம் சொன்னார். பேச்சுவாக்கில், "ஐயா, இந்தத் துப்பாக்கியக் கடைசியா எப்பச் சுட்டீங்க?" என்று கேட்டோம்.

"இத நான் சுட்டதே இல்லீங்க. இங்க வந்து பதினோரு வருசமாச்சு. பட்டாளத்துல சுட்டதோட சரிங்க" என்றார்.

கடை முதலாளி சிரித்துக்கொண்டே, "சுடாம இருக்கறது நல்லதுதானுங்களே" என்றார். நல்லதுதான். ஆனால் அந்தப் பெரியவர் துப்பாக்கியைத் திறந்து காட்ட முயன்றபோது நெம்புகோல் இறுகிப்போய் அசைய மறுத்தது. இடுப்புப் பட்டையில் இருந்த தோட்டாக்களின் பித்தளை அடிப்பாகத்தில் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. அவை வெடிக்குமா, வெடிக்காதா என்பது அவருக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. பதினோரு ஆண்டுகளாக அந்தக் கடையைக் காத்து வந்தது துப்பாக்கி அல்ல, துப்பாக்கியின் தோற்றம் மட்டுமே என்பது அன்றைக்குத்தான் நமக்கு விளங்கியது.

பொட்டு வைத்த துப்பாக்கி

இன்னொரு சம்பவம். நம் வட்டாரத்திலேயே, வணிகர் ஒருவர் வீட்டில் ஆயுத பூஜை. தராசு, படிக்கல், கணக்கு நோட்டு, பேனா எல்லாவற்றையும் துடைத்து சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். துப்பாக்கியையும் எடுத்து வைத்தார்கள். அதைத் துடைக்கும் வேலை பள்ளிக்கூடம் படிக்கும் பையனுக்கு. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. "எப்பவும் காலியாத்தான் வச்சிருப்போம்" என்ற நம்பிக்கை. ஒரு தோட்டா இருந்தது. குழல் மேல்நோக்கி இருந்ததால் கூரை ஓடுகள் நொறுங்கியதோடு போயிற்று. குழல் ஒரு முழம் தாழ்ந்திருந்தால் எதிரே கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கதி என்னவாகியிருக்கும்?

அந்த வீட்டார் கெட்டவர்கள் அல்லர். அலட்சியக்காரர்களும் அல்லர். உரிமம் சரியாக இருந்தது, துப்பாக்கி பூட்டிய அலமாரியில்தான் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: கையில் எடுத்தவுடன் முதலில் திறந்து பார்க்கும் பழக்கம். இந்தப் பழக்கம் புத்திமதியால் வருவதில்லை. திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டுமே வருகிறது. ஆண்டுக்கு ஒருநாள் பொட்டு வைத்தால் போதாது. மற்ற நாட்களிலும் அதை எப்படித் தொடுவது என்று கை அறிந்திருக்க வேண்டும்.

சட்டம் ஒருமுறைதான் கேட்கிறது

நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பதை ஒழுங்குபடுத்துவது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன் கீழ் 1962-ல் வந்த விதிகளுக்குப் பதிலாக 2016-ஆம் ஆண்டு புதிய விதிகள் வந்தன. உரிமம் கேட்டு விண்ணப்பிப்பவர், துப்பாக்கியையும் தோட்டாவையும் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்பது இந்த விதிகளில் உள்ள முக்கியமான அம்சம். எப்படிப் பிடிப்பது, எப்படி எடுத்துச் செல்வது, எப்படிச் சுடுவது, எப்படிப் பராமரிப்பது, எங்கே பூட்டி வைப்பது என்பதெல்லாம் அந்தப் பயிற்சியில் அடங்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் இதற்கு முன்பே, தந்தை காலத்திலேயே உரிமம் பெற்றுப் புதுப்பித்து வரும் குடும்பங்கள் நம்மில் உண்டு. அவர்களில் பலர் இப்படி ஒரு பயிற்சியின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்கள்.

2019-ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 3-லிருந்து 2 ஆகக் குறைந்தது. உரிமத்தின் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்ந்தது. அலுவலகங்களுக்கு அலைவது குறைந்தது என்று நாம் மகிழ்ந்தோம். மகிழ்ச்சிக்கு உரியதுதான். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். புதுப்பிக்கப் போகும்போதாவது துப்பாக்கியை வெளியே எடுத்துத் துடைத்துப் பார்த்த நம்மவர்களுக்கு, இனி அந்தச் சந்தர்ப்பமும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான். ஐந்து ஆண்டு சும்மா கிடந்த இரும்பு துருப்பிடிக்கும் என்றால், ஐந்து ஆண்டு சும்மா கிடந்த கை மட்டும் கூர்மையாக இருக்குமா?

காவலாளிகள் விஷயத்திலும் இதே நிலைதான். தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-ல் வந்தது. 2006-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகளின்படி, ஒரு காவலாளிக்கு 100 மணி நேரம் வகுப்பறைப் பயிற்சியும் 60 மணி நேரம் களப்பயிற்சியும் தரவேண்டும். முன்னாள் படைவீரர், முன்னாள் காவலர் என்றால் 40 மணி நேர வகுப்பும் 16 மணி நேரக் களப்பயிற்சியும் போதும். இந்தப் பாடத்திட்டத்தில் துப்பாக்கி கையாளுதல் என்பது விருப்பப் பாடமாகவே சேர்க்கப்பட்டிருந்தது. முகமையிலிருந்து சீருடையோடு ஆள் வந்துவிட்டார் என்பதாலேயே அவர் துப்பாக்கி பழகியவர் என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது சம்பளம் கொடுக்கும் நம் கடமை.

ஆக, சட்டம் வாசலில் ஒருமுறை நிறுத்திக் கேட்கிறது. உள்ளே வந்தபின் ஆண்டுதோறும் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

நம்மைச் சுற்றி நடந்தவை

"துப்பாக்கியைப் பார்த்தாலே திருடன் பயந்து ஓடுவான்" என்பார்கள். நம் பகுதியிலும் அக்கம்பக்கத்திலும் நடந்தவற்றை நினைத்துப் பார்ப்போம்.

2016 ஆகஸ்ட் 8-ஆம் தேதி இரவு சேலத்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயிலில், வங்கிகளிலிருந்து திரட்டிய 342 கோடி ரூபாய் பழைய நோட்டுகள் ரிசர்வ் வங்கிக்கு அனுப்பப்பட்டன. ஆயுதம் தாங்கிய போலீசார் அதே ரயிலில் உடன் சென்றனர். நம் ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம் வழியாகச் சென்ற அந்த ரயிலின் பெட்டிக் கூரையில் துளையிட்டு 5.78 கோடி ரூபாயை எடுத்துச் சென்றுவிட்டார்கள். மறுநாள் எழும்பூர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. துப்பாக்கி இருந்தது. அதற்கு வேலையே வரவில்லை.

2019 அக்டோபர் 2-ஆம் தேதி அதிகாலை, திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே பெரிய நகைக்கடை ஒன்றின் பின்சுவரில் துளையிட்டு ஏறத்தாழ 13 கோடி ரூபாய் நகைகளை அள்ளிச் சென்றார்கள். காவலாளிகள் பணியில் இருந்தபோதே இது நடந்தது.

2021 ஜனவரி 22-ஆம் தேதி பட்டப்பகலில் ஓசூரில் ஒரு நிதி நிறுவனக் கிளைக்குள் துப்பாக்கிகளோடு நுழைந்த கும்பல், காவலாளியைத் தாக்கி, ஊழியர்களை மிரட்டி, சுமார் 25 கிலோ தங்கத்தைக் கொள்ளையடித்தது. மறுநாளே ஹைதராபாத் அருகே அவர்கள் பிடிபட்டார்கள். பிடித்துக் கொடுத்தது வாசற்காவல் அல்ல. நகைகளோடு வைக்கப்பட்டிருந்த ஜி.பி.எஸ். கருவியும், இரு மாநிலப் போலீசாரின் வேகமான ஒத்துழைப்பும்தான்.

2024 செப்டம்பர் 27-ஆம் தேதி நடந்தது நம் பக்கத்து மாவட்டத்தில். கேரளத்தின் திருச்சூரில் மூன்று ஏ.டி.எம்.களை உடைத்துப் பணத்தோடு காரைக் கண்டெய்னர் லாரிக்குள் ஒளித்து வந்த கும்பலை நாமக்கல் போலீசார் குமாரபாளையத்திலிருந்து துரத்திச் சென்று வெப்படை அருகே மடக்கினார்கள். போலீசார் இருவர் காயமடைந்தனர். கும்பலில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார், இன்னொருவர் குண்டுக் காயமடைந்தார். ஆண்டுதோறும் சுடும் பயிற்சி எடுக்கும் காவல் துறைக்கே அந்தச் சில நிமிடங்கள் அத்தனை கடுமையாக இருந்தன. பதினோரு ஆண்டு சுடாத நம் கடைப் பெரியவரை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு உண்மைகள் புலப்படும். முதலாவது, கண்ணும் காதும் விழிப்பாக இல்லாத காவலில் துப்பாக்கி வெறும் பாரம். இரண்டாவது, துப்பாக்கியைப் பயன்படுத்தும் நேரம் வந்தால் அது நொடிக் கணக்கில் வரும். யோசிக்க அவகாசம் தராது. பழக்கம் மட்டுமே அப்போது கைகொடுக்கும்.

பழகாத கை என்ன செய்யும்?

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது நம் பழமொழி. வல்லமை இல்லாதவனுக்கு ஆயுதமும் புல்தான் என்று அதைத் திருப்பியும் சொல்லலாம். அதைவிட மோசம் என்றே நாம் சொல்வோம். புல் யாரையும் கொல்வதில்லை.

அமெரிக்காவின் நியூயார்க் நகரப் போலீசார் ஆண்டுக்கு இருமுறை சுடும் தேர்வில் தேற வேண்டும். அந்தத் துறையைப் பற்றி ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. 1998 முதல் 2006 வரையிலான கணக்குப்படி, எதிராளியும் திருப்பிச் சுடும் மோதல்களில் போலீசார் சுட்டவற்றில் இலக்கைத் தொட்டவை 100-க்கு 18 மட்டுமே. எதிராளி திருப்பிச் சுடாத சமயங்களில்கூட 100-க்கு 30தான். தேர்வில் தேறியவர்களின் கதை இது. மற்ற குண்டுகள் எங்கே போயின என்று யோசிக்க வேண்டும். அவை சுவருக்கும் போயிருக்கும், வழியில் நின்றவருக்கும் போயிருக்கும். நம் கடைவீதியில் எதிர்வரிசையில் பூக்கடை, டீக்கடை, பேருந்துக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள். தவறிய ஒரு குண்டுக்கு அங்கே வெற்றிடம் கிடையாது.

பன்னிரண்டு போர் துப்பாக்கி என்றால் குறி பார்க்கவே வேண்டாம், ரவை சிதறி எப்படியும் படும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு கடையின் நீளத்திற்குள் ரவை பெரிதாகச் சிதறுவதில்லை. ஒரு தட்டு அகலத்துக்குள்தான் போகும். குறி பார்த்தே ஆகவேண்டும். குறி தப்பினால் மொத்த ரவையும் வேறிடத்துக்குப் போகும். இதையெல்லாம் ஒருமுறையாவது அட்டையில் சுட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

நம் ஊர் மரச்சிற்பிகளைப் பார்க்கிறோம். வாகைக் கட்டையில் உளி ஓடும்போது அவர் கையைப் பார்ப்பதில்லை, கண் சிற்பத்தில் இருக்கிறது. காய்ச்சலில் மூன்று மாதம் படுத்துவிட்டு எழுந்து வந்த சிற்பி, முதல் நாளே சாமி முகத்தைத் தொடமாட்டார். ஓரத்துப் பூவேலையில் சில நாள் கையைப் பழக்கிக்கொண்டு அப்புறம்தான் முகத்துக்கு வருவார். உளிக்கே இந்த நியாயம் என்றால், துப்பாக்கிக்கு எவ்வளவு வேண்டும்? கடலூர் மாவட்டத்தில் பிறந்து 2019-ல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் போன்றவர்களும் பதக்கம் வாங்கியதோடு பயிற்சியை நிறுத்திவிடுவதில்லை.

பயிற்சி என்பது குறி பார்ப்பது மட்டுமல்ல. சுடக்கூடாத நேரத்தை அறிவதே அதன் பெரும்பகுதி. தற்காப்புரிமை பற்றி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் பேசுகின்றன. உயிருக்கும் பொருளுக்கும் ஆபத்து வரும்போது தடுக்க உரிமை உண்டு. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை. பையைப் போட்டுவிட்டு முதுகு காட்டி ஓடுபவனைச் சுட்டால், நேற்றுவரை பாதிக்கப்பட்டவராக இருந்த நாம் இன்று கொலை வழக்கில் குற்றவாளி. பழகாத கை பயத்தில் சுடும். பழகிய கைக்குக் காத்திருக்கத் தெரியும். அந்தக் காத்திருப்புக்காகத்தான் பயிற்சி வேண்டும் என்கிறோம்.

கண்ட இடத்தில் சுடுவது பயிற்சி அல்ல

இதைப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துக்கோ ஏரிக்கரைக்கோ துப்பாக்கியை எடுத்துக்கொண்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது சட்ட விரோதம், அதைவிடப் பெரிய ஆபத்து.

2021 டிசம்பர் 30-ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டியில் உள்ள சுடும் தளத்தில் மத்தியப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தனர். அங்கிருந்து வெகு தூரத்தில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ஆம் தேதி அந்தப் பிள்ளை இறந்துபோனான். அரசு தளம், பயிற்சி பெற்ற படை, அதிகாரிகளின் மேற்பார்வை எல்லாம் இருந்த இடத்திலேயே இப்படி நடக்குமென்றால், தென்னந்தோப்பில் டப்பாவை வைத்துச் சுடுவது எவ்வளவு விபரீதம்?

பயிற்சியில் இருவகை உண்டு. ஒன்று, தோட்டா இல்லாத பயிற்சி. மாதம் ஒருமுறை பதினைந்து நிமிடம் போதும். துப்பாக்கியைத் திறந்து, காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்வது. குழலை ஆளில்லாத திசையில் வைப்பது. சுட முடிவு செய்யும்வரை விசையில் விரலை வைக்காதிருப்பது. இலக்கின் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. காலியாகத் திறந்த நிலையில்தான் அடுத்தவர் கையில் கொடுப்பது. தோட்டாக்கள் அப்போது அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. இவ்வளவையும் செய்தாலே விபத்துகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம். இதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது.

மற்றது, உண்மையில் சுடும் பயிற்சி. அங்கீகாரம் பெற்ற தளத்தில், பயிற்றுநர் முன்னிலையில் மட்டுமே செய்ய வேண்டியது. சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய ஊர்களில் ரைபிள் கிளப்புகள் உள்ளன. துறையூர் வழியாகத் திருச்சி நமக்கு எட்டும் தூரம்தான். 2022 ஜூலையில் அங்கே நடந்த 47-வது மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டபோது திரண்ட கூட்டத்தில் நம்மூர் இளைஞர்களும் இருந்திருப்பார்கள். அப்படி ஓர் இடம் இருக்கிறது என்பதாவது அன்று பலருக்குத் தெரிந்தது. நம் வகைத் துப்பாக்கிக்கு அங்கே இடமுண்டா, உறுப்பினராவது எப்படி, காவலாளியை அழைத்துப் போகலாமா என்பதையெல்லாம் கேட்டறிந்து செய்ய வேண்டும்.

எழும் ஆட்சேபணைகள்

"இருபது வருஷமாகத் துப்பாக்கியை எடுக்கவேண்டிய தேவையே வரவில்லை. பயிற்சி எதற்கு?" என்று கேட்பார்கள். கடையில் தீயணைப்புக் கருவி மாட்டியிருக்கிறோம். அதையும் இருபது வருஷம் எடுக்கவில்லை. அதற்காகக் கேஸ் நிரப்பாமல் விட்டால் தீப்பிடிக்கும் அன்று அது சிவப்பு வர்ணம் அடித்த வெறும் உருளை.

"ஆள் பட்டாளத்துக்காரர், அவருக்குப் போய்ச் சொல்லித் தருவதா?" என்பார்கள். பட்டாளத்தில் அவர் பழகியது வேறு துப்பாக்கி, அவருக்கு அன்று இருந்த பார்வையும் வேறு. படையில் இருந்தவரைக்கும் அவருக்கும் ஆண்டுதோறும் சுடும் பயிற்சி இருந்தது. பயிற்சியின் அருமை நம்மைவிட அவருக்குத்தான் தெரியும். நாம் சந்தித்த பெரியவரே, "வருசத்துக்கு ரெண்டு தரம் கூட்டிட்டுப் போனீங்கன்னா எனக்கே தெம்பா இருக்குமுங்க" என்றார். அவரை அவமதிப்பது பயிற்சி அல்ல. பயிற்சி தராமல் வாசலில் நிறுத்தி, ஆபத்து வந்தால் அவர் உயிரைப் பணயம் வைப்பதுதான் அவமதிப்பு.

"செலவு யார் தருவது?" என்பது நியாயமான கேள்வி. ஒருவர் தனியே போனால் செலவுதான். பத்துப்பேர் சேர்ந்து ஒரு வேனில் போனால் பகிர்ந்துகொள்ளலாம். தோட்டா வாங்குவதிலும் உரிமத்தில் குறித்த அளவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதால், பயிற்சிக்கு எத்தனை, கைவசம் எத்தனை என்று முன்கூட்டியே திட்டமிடுவது நல்லது. பழைய தோட்டாக்களை ஆண்டுக்கணக்கில் பட்டையில் செருகியே வைத்திருக்காமல் உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் காட்டி, அவர் யோசனைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியவை

குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கமல்ல. நம் சங்கத்தின் அடுத்த செயற்குழுவில் இவற்றை விவாதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

1. துப்பாக்கி உரிமம் உள்ள உறுப்பினர்கள் தாமாக முன்வந்து செயலாளரிடம் மட்டும் தெரிவிக்க வேண்டும். அந்த விவரம் இரகசியமாக இருக்க வேண்டும். உரிமம் முடியும் தேதியை முன்கூட்டியே நினைவூட்டச் சங்கம் உதவலாம்.

2. முதலாளியின் துப்பாக்கியைக் காவலாளி வைத்திருந்தால், அவர் பெயர் உரிமத்தில் ரீடெய்னராகப் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய காவலாளி போய்ப் புது ஆள் வந்து, பெயரை மாற்றாமலே துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிடுவது குற்றம்.

3. ஆண்டுக்கு இருமுறை, அங்கீகரிக்கப்பட்ட தளத்தில் கூட்டாகப் பயிற்சிக்குச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். மாவட்டக் காவல் துறையை அணுகி, பயிற்றுநர் ஒருவரைக் கொண்டு தற்காப்புச் சட்டம் பற்றியும் பாதுகாப்பு பற்றியும் ஒரு வகுப்பு நடத்தக் கேட்கலாம். முதலாளிகளும் உடன் உட்கார வேண்டும். காவலாளி என்ன செய்ய வேண்டும் என்று தெரியாத முதலாளி அவருக்குத் தவறான உத்தரவு கொடுத்துவிடுவார்.

4. ஆண்டுக்கு ஒருமுறை காவலாளிக்குக் கண் பரிசோதனையும் உடல் பரிசோதனையும் செய்ய வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்து, இரவு தூக்கமும் இல்லாத ஆளிடம் துப்பாக்கியைக் கொடுப்பது அறிவுடைமை ஆகாது.

5. தேர்தல் காலங்களில் ஒப்படைத்த துப்பாக்கி வாரக்கணக்கில் கழித்துத் திரும்பி வரும்போது, அதை அப்படியே மாட்டிவிடாமல், துடைத்து, எண்ணெயிட்டு, தெரிந்தவரிடம் காட்டிய பிறகே காவலுக்கு எடுக்க வேண்டும்.

6. இவ்வளவுக்கும் நேரமோ மனமோ இல்லை என்பவர்கள் வெட்கப்படாமல் துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துவிடலாம். நல்ல பூட்டு, அலாரம், கண்காணிப்புக் கேமரா, பணத்துக்கும் நகைக்கும் காப்பீடு, வசூல் பணத்தைத் தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் கொண்டு போகாமை, கூடுமானவரை வங்கி வழிப் பரிவர்த்தனை ஆகியவை பழகாத துப்பாக்கியைவிட ஆயிரம் மடங்கு மேல். ஓசூரில் கைகொடுத்தது எது என்று மேலே பார்த்தோம்.

முடிவாக

நாம் கடைக்காரர்கள். எடை குறைந்தால் வாடிக்கையாளர் கேட்பார் என்பதற்காகத் தராசுக்குக் காலாகாலத்தில் முத்திரை வைக்கிறோம். துப்பாக்கியைப் பிடிக்கும் கை சரியாக இருக்கிறதா என்று கேட்க வாடிக்கையாளர் வரமாட்டார். தவறு நடந்த பின்பு நீதிமன்றம்தான் கேட்கும். அதற்கும் முன்னால் நம் மனசாட்சி கேட்கும்.

பொருள் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். நம் வாசலில் நின்று நமக்காகக் காவல் காத்தவரின் உயிரையோ, வழியோடு போன பிள்ளையின் உயிரையோ எந்தக் கல்லாப்பெட்டியாலும் திரும்ப வாங்க முடியாது. ஆகவே துப்பாக்கி வைத்திருக்கும் வணிக அன்பர்கள் இம்மாதமே ஒரு வேலை செய்ய வேண்டும். கடையைச் சாத்திய பின்பு, தோட்டாக்களை வேறிடத்தில் வைத்துவிட்டு, காவலாளியை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, "ஐயா, இதைக் கடைசியாக எப்போது சுட்டீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

அவர் சொல்லும் பதில், அடுத்து நாம் செய்ய வேண்டியது என்ன என்பதைத் தெரிவித்துவிடும்.